ஒன்பதாம் பத்தி

என் தம்பி மெல்கியோர் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் லத்தீன் கற்றவன் அவன் ஒருவனே. நான் அதே நகரில் ரொட்டி சுடுகிறவன். ஆனாலும் அவன் எழுதியதை வரி பிசகாமல் சொல்வேன்.

முழுமை அதன் பகுதியைவிடப் பெரியது. கணிதத்தில் இதற்கு நிரூபணம் வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை.

“ஏண்டா, முழு ரொட்டி துண்டைவிடப் பெரிசுன்னு கடைக்கு வர்ற கிழவிக்கே தெரியும். இதுக்கா ரெண்டு வருஷம்?”

“தெரியறது வேற, ஏன்னு சொல்றது வேற அண்ணே. ஒண்ணோட ஒரு பகுதி இன்னொண்ணுக்குச் சமமா இருந்தா, முதல்ல சொன்னதைப் ‘பெரிசு’ன்னு சொல்றோம். துண்டு தனக்குத்தானே சமம். அது ரொட்டியோட ஒரு பகுதி. அப்போ ரொட்டிதான் பெரிசு. கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம்.”

கண்ணை மூடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இதை ஆய்வுரையாக எழுதிப் பல்கலைக்கழகச் சபையில் வாதிட்டு வென்றால் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் உதவிப் போதகர் வேலை உறுதி. ஆய்வுரை முழுவதும் தம்பி எழுதியது; இந்த ரொட்டி நிரூபணம் அதில் ஒன்பதாம் பத்தி. பக்கங்கள் என் மாவு மேசையில்தான் காய்ந்தன. தலைப்புப் பக்கத்தில் மட்டும், வழக்கப்படி, தலைமை தாங்கும் பேராசிரியர் ரூலண்டின் பெயர் பெரிதாக இருந்தது. எதிர்வாதி மடக்கினால் தலைவர் துணைக்கு வர வேண்டும் என்பதும் வழக்கம்.

வாதம் நடந்த அன்று மண்டபத்தில் பக்கத்தில் இருந்த மாணவர் எனக்கு லத்தீனை எங்கள் மொழியில் சொன்னார். எதிர்வாதியான இறையியல் பேராசிரியர் எழுந்தார்.

“பளிச்சுனு தெரியறதுக்கே நிரூபணம் கேக்கறீரே, வேதத்துக்கும் கேப்பீரோ?”

“நான் பேசறது கணக்கைப் பத்தி மட்டும், ஐயா.”

“ஓ, ஞாயித்துக்கிழமை உம்ம நிரூபணத்துக்கு லீவா?”

மண்டபமே சிரித்தது. தம்பி ரூலண்டைத் திரும்பிப் பார்த்தான். அவர் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார்.

“மத்ததெல்லாம் என்னுது. அந்த ஒன்பதாம் பத்தி மட்டும் பையனோட சொந்தச் சரக்கு.”

அவன் எழுத்து அவனுடையது என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். போதகர் வேலை வேறொருவனுக்குப் போனது.

இப்போது மெல்கியோர் ஒரு கிராமப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறான். சென்ற மாதம் போயிருந்தேன். மேசையில் ரூலண்டின் புதிய பாடநூல் இருந்தது. ஒன்பதாம் பத்தி அதில் அப்படியே இருக்கிறதாம். தம்பியின் பெயர் எங்கும் இல்லை.

பிள்ளைகள் “முழுமை பகுதியைவிடப் பெரியது” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்னு சொல்லிக் கொடுக்கலையாடா?”

“மேற்பார்வைக்குப் பாதிரியார் வருவாரு அண்ணே. மனப்பாடம் பண்ணட்டும்.”