பனியில் கொதித்த டிரக்

பனி தள்ளும் வண்டி கொதிக்கும் என்று ஊரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மாண்ட்ரியாலில், புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். வெளியே மூச்சு உறையும் குளிர். உள்ளே வரும் பழைய வண்டிகளோ பானெட்டுக்குள்ளிருந்து ஆவி விட்டபடி வரும். ஏன் அப்படி என்று இளைய மெக்கானிக்குகள் என்னைக் கேட்பார்கள். கேட்டால் எனக்குச் செல்லத்துரை அண்ணனின் டிரக்தான் ஞாபகம் வரும். வராமல் இருந்தால் தேவலை.

1. வண்டி வந்த நாள்

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்து, கடைசியில் இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு பழைய பிக்கப் டிரக்கை வாங்கி, முன்னால் பனி தள்ளும் இரும்புப் பிளேடு மாட்டி, ஒரு ஷாப்பிங் சென்டரின் பார்க்கிங்கில் பனி வழிக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். ஒரு காலையில் டிரக் ஆவி கக்கிக்கொண்டு கராஜுக்குள் வந்தது. பக்கத்து சீட்டில் அவர் மனைவி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்கம்மா, உள்ள சூடா இருக்கு" என்றேன்.

"அவ இறங்கமாட்டா, தம்பி. விடுங்கோ" என்றார் அவர்.

முந்தைய வருடம் அவர்களுடைய ஒரே மகள் இறந்துபோயிருக்கிறாள். அதிலிருந்து அந்த அம்மாவைத் தனியே விட முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு பனியில் இறங்கிவிடுவாராம். அதனால் இவர் வேலைக்குப் போகும் இடமெல்லாம் டிரக்கில் கூட்டிக்கொண்டு போகிறார். பானெட்டைத் திறந்தேன்.

2. அட்டை

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டை செருகியிருந்தது. குளிர் காற்று எஞ்சினில் அடிக்காமலிருக்க இங்கே பலரும் செய்வதுதான். ஆனால் பிளேடு மாட்டிய வண்டிக்கு அது விஷம். தூக்கிய பிளேடே ரேடியேட்டர் முன்னால் சுவராக நிற்கும்போது அட்டை வேறு எதற்கு?

"எப்பக் கொதிக்குது? பனி தள்ளும்போதா, ரோட்டுல போகும்போதா?"

"ரோட்டிலைதான். தள்ளேக்கை ஒண்டுமில்லை."

"ரோட்டுல பிளேடை எப்படி வச்சு ஓட்டுறீங்க?"

"முழுக்கத் தூக்கித்தான். ரோட்டிலை இடிபட்டிடுமெல்லோ?"

பாதி விஷயம் புரிந்தது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைத் திறந்தேன். காலி.

"தெர்மோஸ்டாட் எங்கே?"

"கழட்டி எறிஞ்சிட்டன். கொழும்பிலை வண்டி கொதிச்சா முதல் செய்யிறது அதுதானே."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மெட்ராஸிலும் இதே கைவைத்தியம்தான். வெயில் ஊரில் செல்லுபடியாகும். இங்கே தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது. எஞ்சின் சூடேறாவிட்டால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வரும்.

"கொதிக்குற வண்டிக்கு அட்டையும் போட்டு மூடினா எப்படி அண்ணே? கப்பல் எஞ்சின் பார்த்தவர்தானே நீங்க?"

"ஹீட்டர் வேலை செய்யேல்லை, தம்பி. அவவுக்குக் கால் விறைக்குது. அட்டை வைச்சாக் கொஞ்சம் சூடு வருது."

மீதியும் புரிந்தது: தூக்கிய பிளேடால் கொதித்திருக்கிறது, அதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டியிருக்கிறார், அதனால் ஹீட்டர் போக, அட்டையைச் செருகியிருக்கிறார். அட்டையை எடுத்து எறிந்தேன். புது தெர்மோஸ்டாட் போட்டேன். ரேடியேட்டரைக் கழுவி, கூடுதல் இறக்கைகள் உள்ள ஃபேனையும், காற்று சிதறாமல் இழுக்க அதைச் சுற்றி ஒரு கூட்டையும் மாட்டினேன். ரோட்டில் போகும்போது பிளேடைத் தரையில் படாத அளவுக்குத் தாழ்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். அப்போதுதான் மேலேயும் பக்கத்திலும் காற்றுக்கு வழி கிடைக்கும். சூடு காட்டும் ஊசி ஏறினால் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும் என்றும் சொன்னேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னேன். "பலதடவை கொதிச்சிருக்கு. எஞ்சினோட மேல்மூடி, அந்த ஹெட், சூட்டுல வளைஞ்சிருக்கும்போல. கழட்டிப் பார்த்துடலாம்."

"பனிக்காலம் முடியட்டும், தம்பி. இப்ப வண்டி நிண்டா அவவை எங்கை இருத்திறது?"

3. பிப்ரவரி

கொஞ்ச காலம் ஊசி நடுவிலேயே நின்றது. "இப்ப அவ கிளவுஸைக் கழட்டிப்போட்டு இருக்கிறா" என்று ஒருநாள் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிப்ரவரியில் வெள்ளைப் புகையோடு வந்தார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். எண்ணெய் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. ஹெட் விரிசல் விட்டு எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எஞ்சின் போய்விட்டது. பனி யாருக்காகவும் காத்திருக்காது என்று ஷாப்பிங் சென்டர் மேனேஜர் மறுநாளே கான்ட்ராக்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். செல்லத்துரை அண்ணனுக்கு டவுன்டவுனில் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. மனைவியை அங்கே எங்கே உட்காரவைப்பது?

அந்த அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்க்க அவர்களை என் காரில் நான்தான் கூட்டிப்போனேன். வாசலில் நிறுத்தினேன். அந்த அம்மா இறங்கவில்லை. செல்லத்துரை அண்ணன் குனிந்து, அவர் கம்பளியைச் சரிசெய்தபடி, "வேலை முடிஞ்சுது. இறங்கும், வீட்டை வந்திட்டம்" என்றார். அம்மா நம்பி இறங்கினார்.

இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான். பிளேடு வண்டி கொதித்தால் அட்டை, தெர்மோஸ்டாட், பிளேடின் உயரம் மூன்றையும் பாருங்கள். ஆனால் ஏற்கெனவே வளைந்த ஹெட்டை இந்த மூன்றும் நிமிர்த்தாது. ஊசி முதல் தடவை ஏறியபோதே அவர் வந்திருந்தால், அந்த அம்மா இன்னும் சில பனிக்காலங்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.