உச்சி வெயிலில் அணைந்த விளக்கு

அந்தத் தெருவில் அவருக்கு மீட்டர் என்றே பெயர். சூரியத் தகடு, பேட்டரி, ரெகுலேட்டர் என்று வீடு வீடாகப் பழுது பார்க்கும் மனிதர். வாயால் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார், மீட்டர் முள்ளை வைத்துப் பார்த்தால்தான் நம்புவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் சட்டைப்பையில் மீட்டரோடுதான் போனார் என்று தெருவில் ஒரு கதை உண்டு. பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் கேட்டவர் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது சொந்த அக்கா வீட்டு ரெகுலேட்டர். அக்கா வீடு ஊருக்கு வெளியே, மின்கம்பி எட்டாத மேட்டில் இருந்தது. அத்தானுக்கு நுரையீரல் கோளாறு. தூங்கும்போது மூச்சுக்கருவி ஓடியாக வேண்டும். அதற்காகவே மீட்டர் தன் கையால் தகடும் பேட்டரியும் மாட்டி, பகலில் பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டரையும் சுவரில் பொருத்திக் கொடுத்திருந்தார்.

கொஞ்ச நாளாகப் பேட்டரி பாதி இரவிலேயே படுத்துக்கொண்டிருந்தது. மீட்டர் போன் பண்ணிவிட்டு வருவார், அக்கா வாசலிலேயே காத்திருப்பாள். வயரை இழுத்துப் பார்த்தார், திருகுகளை முறுக்கினார், தகட்டைத் துடைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் குறை அகப்படவில்லை. பேட்டரிக்குள் மின்சாரம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பகல் முழுக்க வெயிலில் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் சமர்த்தாக ஓடியது.

மீட்டர் பொய் சொல்லாது, அப்படியென்றால் மனிதர்கள்தான் பொய் சொல்கிறார்கள். அவர் கணக்கு அப்படித்தான் போனது.

"சாமான்ல ஒரு குறையும் இல்லக்கா. நீங்கதான் கண்டபடி செலவு பண்றீங்க. டிவி, ஃபேன் எல்லாம் நிறுத்துங்க. பேட்டரிய அளவா பாத்துக்கோங்க," என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

"நாங்க டிவி போட்டே மாசக்கணக்காச்சுடா," என்றாள் அக்கா. அவர் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரமே அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரவெல்லாம் ஓட வேண்டிய கருவி ஏன் ஓடவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அத்தான் மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே சொன்னார்.

"நீதான அளவா பாத்துக்கச் சொன்ன மாப்ள. அவ தூங்கினதும் மூச்சுமூடிய நானே கழட்டி வச்சிடுவேன்."

தன் வாய்தான் அந்த மனிதரை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியது என்று நினைக்க நினைக்க மீட்டருக்கு உட்கார முடியவில்லை. அக்கா மாற்றுத்துணி எடுத்துவரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தபோது, தப்பித்தோம் என்பதுபோலக் கிளம்பினார்.

வீட்டைத் திறந்தபோது உச்சி வெயில். சுவரில் ரெகுலேட்டரைக் காணோம். அது இருந்த இடத்தில் கெட்டித் துணியில் ஓரமெல்லாம் மடித்து அழகாகத் தைத்த ஓர் உறை தொங்கியது. உருவிப் பார்த்தார். உள்ளே ரெகுலேட்டர் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. அவ்வளவு வெயிலில் சார்ஜ் விளக்கு அணைந்து கிடந்தது. சூடு தாங்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேலையை நிறுத்தியிருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சூடு ஆற ஆற விளக்கு மறுபடி எரிந்தது.

தம்பி ஆசையாக மாட்டிக் கொடுத்த சாமானில் தூசி படக்கூடாதென்று அக்கா கொஞ்ச நாளைக்கு முன் தைத்தது. தம்பி வருகிறான் என்று போன் வந்ததும் உறையைக் கழற்றி, ரெகுலேட்டரையும் துடைத்து வைத்துவிடுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலியின் மேல்துணியை எடுத்துவிடுகிற பெண்தானே அவள்.

துணிப்பையோடு திரும்பி வந்தவர், பழுது என்னவென்று அக்கா கேட்டதும் தரையைப் பார்த்தார்.

"ரெகுலேட்டர்தான்க்கா. நான்தான் சரியா கவனிக்கல. வேற மாட்டிடறேன்."

அக்காவின் முகம் தெளிந்தது. "வேற மாட்டினா அளவு சொல்லுடா. இந்தத் தடவ இன்னும் கெட்டித் துணியில உறை தச்சுடறேன்."

இதற்கு மேல் எப்படிப் பொய் சொல்வது?

"வேணாம்க்கா. அத மூடக்கூடாது. சூடாயிடும்."

அக்கா அவரையே பார்த்தாள். விஷயம் புரிய அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"நான் மூடினதாலயா?" என்றாள்.

"ஒரு நாளாவது நான் சொல்லாம வந்திருந்தா பாத்திருப்பேன்க்கா. நான் வரல."

அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டிலருகே போய், அத்தான் முகத்தில் சரியாகவே பொருந்தியிருந்த மூச்சுமூடியை மறுபடியும் மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தாள்.