ஊசி தாண்டும் இடம்

எங்கள் தெருவில் நிலம் குலுங்கினால் மற்றவர்கள் குழந்தையைத் தூக்குவார்கள், இல்லையென்றால் அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும் கிராமபோன் ஊசியைத் தூக்குவார். தங்கச் சுரங்கத்தின் அடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே ஆண்டர்சன்பேட்டை முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள் ஆடும். ஆட்டம் நின்றதும் சுரங்கத்துச் சங்கு ஊதுகிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ஊதினால் யார் வீட்டிலோ ஆள் போச்சு என்று அர்த்தம். ஊதாவிட்டால் ஆன்ட்டி ஊசியைத் திரும்ப வைப்பார், பாட்டு தொடரும்.

ஆங்கிலோ இந்தியர் என்பதால் தெருவில் அவரைச் சட்டைக்காரம்மா என்பார்கள், முகத்துக்கு நேரே அல்ல. கணவர் சுரங்கத்தில் ஃபோர்மேன். அப்படி ஒரு வெடிப்பில் உள்ளேயே போய்விட்டவர். அதன்பிறகு கம்பெனி பங்களாவைக் காலி செய்துவிட்டு, ஒரு கட்டில், ஒரு கிராமபோன் பெட்டி, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டுகளோடு எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிக்கூட டீச்சர். அப்பாவும் அம்மாவும் இறந்துபோய், அண்ணன் பெங்களூரில் குடித்தனம் வைத்துவிட்ட பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை, அதை விடுங்கள்.

வாரநாட்களைப் பள்ளிக்கூடம் தின்றுவிடும். ஞாயிறுதான் எனக்கு ஆகாது. கிறிஸ்தவர்கள் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். பௌத்தக் குடும்பமான எங்களுக்குப் பௌர்ணமியன்று விகாரை. ஞாயிறன்று ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பேச ஆளில்லை. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாயைத் திறக்காமலே இருந்த நாட்கள் உண்டு. நீளமான வாய்க்கு அது பெரிய தண்டனை.

அப்படி ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பாட்டு வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் போய்க் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆணானாலும் பெண்ணானாலும் அவருக்கு எல்லோரும் 'மேன்'தான்.

"இன்னா மேன் டீச்சர், வாசல்லயே நின்னுகினு? உள்ள வா, பாதி ஓடிடுச்சு."

உள்ளே எனக்கு முன்பே எதிர்வீட்டு மாமா உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் எஞ்சினை ஓட்டி ரிட்டயரானவர். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பாட்டுதான்.

அமெரிக்காவில் கறுப்பர்கள் எந்தக் காலத்திலோ வாசித்த ஜாஸ் பாட்டு என்று ஆன்ட்டி சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் கணவர் பெங்களூர் கண்டோன்மென்டில் வாங்கியதாம். முதலில் டிரம்பெட் மட்டும் தனியாக, இழவுக்குப் போகிறவர்களைப்போல மெதுவாக நடக்கும். பிறகு கிளாரினெட் வந்து சேரும். தொண்டை கரகரத்த ஒருவன் பாடுவான். பாதி வார்த்தை எனக்குப் புரியாது, புரிந்துகொள்ளவும் நான் கஷ்டப்படவில்லை. கடைசியில் எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கூத்தடித்துக்கொண்டு வீடு திரும்பும். டிரம்பெட் தனியாக வரும்போது, யாரோ என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு வந்து ஊதுகிறான் என்று தோன்றும். ஒருமுறை அதை வெளியிலும் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் இல்ல டீச்சரம்மா," என்றார் மாமா. "டிரம் அடிக்கிறான் பாரு, அவன்தான் டிரைவரு. மத்தவனுங்க எல்லாம் கேஜ்ல ஏறி நிக்கிறவனுங்க. இவன் கை தப்பிச்சுன்னா அத்தினி பேரும் காலி."

"ஏன், டிரம்பெட் இல்லாட்டி பாட்டு ஏது?" என்று நான் விடமாட்டேன். வாரா வாரம் இதே சண்டைதான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஆன்ட்டி சிரித்துக்கொண்டே டீ ஊற்றுவார்.

பாட்டில் ஒரு இடம் உண்டு. பாடுகிறவன் நிறுத்தியதும் ஊசி டக்கென்று தாண்டி நேரே கடைசிக் கூத்துக்குப் போய்விடும். கணவர் போன அன்று ஆன்ட்டி இதைத்தான் போட்டிருந்தாராம். "அன்னிக்கு மட்டும் ஊசியத் தூக்கல மேன். வாசலுக்கு ஓடிட்டேன்" என்றார். குலுக்கலில் ஊசி ரெக்கார்டுத் தட்டைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. வேறு தட்டு அவர் வாங்கவில்லை. ஆகவே எங்களுக்குப் பாட்டு என்றாலே தாண்டுகிற பாட்டுதான். மாமா தாண்டித்தான் சீட்டியடிப்பார். வகுப்பில் நான் முணுமுணுத்ததைக் கேட்டு என் பிள்ளைகளும் தாண்டியே பாடினார்கள். அதில் ஒரு துண்டு குறைகிறது என்பது எங்களுக்கு மறந்தே போயிற்று.

அந்த வருஷங்களில் சட்டைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. ஆன்ட்டியின் தங்கையும் அங்கிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம், கிறிஸ்துமஸுக்குள் முடிவைச் சொல், பிறகு கூப்பிடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆன்ட்டி கிராமபோனைக் காட்டி, "இத்த வுட்டுட்டு எங்க மேன் போறது? அவரு போன எடம் இதுலதான இருக்குது" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. அவர் போய்விட்டால் என் ஞாயிறு மறுபடியும் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான். அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. இங்கே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் கம்பெனி கிளப்பில் சாயங்கால டீ விருந்து. பெங்களூரிலிருந்து பேண்ட் வரும். எல்லார் முன்னாலும் அவருடைய பாட்டை வாசிக்க வைத்தால் இந்த ஊரை விட்டுப் போக அவருக்கு மனசு வராது என்று கணக்குப் போட்டேன். கோரமண்டல் ஸ்டேஷனுக்கே போய், ரயிலிலிருந்து இறங்கிய பேண்ட் மாஸ்டரிடம் மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பாட்டு தெரியும்மா. நடுவுல ஒரு துண்டையே காணோமே?"

"எங்க ஊர்ல இப்படித்தான். வாசிக்கத் தெரிஞ்சா வாசிங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வாசித்தார்கள். டிரம்பெட் தனியாக வந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பாடுகிறவன் நிறுத்தினான். மாமாவின் காலும் என் தலையும் பழக்கதோஷத்தில் டக்கென்று தாண்டிக் கடைசிக் கூத்துக்குப் போய்விட்டன. பேண்ட் எங்களோடு தாண்டி வரவில்லை. அது வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"தப்பா வாசிக்கிறானுங்க" என்றார் மாமா என் காதில்.

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். ஒரு கையை ஆள் தோள் உயரத்துக்குத் தூக்கி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்ணின் முகம் அது. அவர் சுற்றி முடிக்கவும் எல்லா வாத்தியமும் சேர்ந்துகொண்டன.

திரும்பி நடக்கும்போது அவரே சொன்னார். "அந்த எடத்துலதான் அவரு ஆடச்சொல்ல என்னப் புடிச்சி ஒரு சுத்து சுத்துவாரு. மறந்தே பூட்டேன் மேன். ஊசி இஸ்துகினு போனதோட அதுவும் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். எங்கியும் போவல. எவன் வாசிச்சாலும் அது வருது."

மறுநாள் தங்கைக்கு வருகிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டார். நான் ஸ்டேஷன்வரை ஓடிப்போய்க் கேட்டு வாங்கிய பாட்டுதான் அவரை அனுப்பி வைத்தது.

போகிற அன்று கிராமபோனையும் அந்தத் தட்டையும் என் வீட்டில் வைத்தார். "உனக்குப் பாட்டு இப்பிடித்தான தெரியும், நீயே வச்சிக்க" என்றார். "போய் ஒரு நல்ல தட்டா வாங்கி அனுப்புங்க, சும்மா பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். அழக்கூடாது என்றுதான். அவர் போனதும் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். மாமா இரண்டு மூன்று மாதம் வந்தார், பிறகு மகள் வீட்டோடு இருக்க வேலூருக்குப் போய்விட்டார். சண்டை போடவும் ஆளில்லாமல் போயிற்று.

விடுபட்ட அந்தத் துண்டை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதையும் கேட்கவில்லை, ஆன்ட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் முகம் வருகிறது, மெட்டு வரமாட்டேன் என்கிறது. இப்போதும் ஞாயிறு மத்தியானம் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தட்டைப் போடுகிறேன். பாடுகிறவன் நிறுத்தியதும் எழுந்து நின்று கையைத் தூக்குகிறேன். ஒரு சுற்றுச் சுற்ற நேரம் போதுவதில்லை. அதற்குள் ஊசி தாண்டிவிடுகிறது.