பன்னிரண்டு இருபதுக்குப் பெட்டி கட்டியது யார்?

டெல்மிரா பனேகாஸைப் பற்றி லாஸ் கர்ரோபோஸ் வாழைத் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். "மூக்குக் கண்ணாடிக்காகச் சங்கத்துல சேர்ந்தவதானே?" என்பார்கள். உண்மைதான். அவளே அதை மறைப்பதில்லை. கொள்கைக்காகச் சேர்ந்தேன், உரிமைக்காகச் சேர்ந்தேன் என்று இன்றைக்கு மார்தட்டுகிற சிலரைவிட அவள் எவ்வளவோ தேவலை.

சாந்தா பார்பரா மலையிலிருந்து பதினெட்டு வயதில் உலுவா ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தவள். ஆண்கள் தாரை வெட்டிக் கம்பியில் தொங்கவிட்டுக் கொட்டகைக்கு இழுத்து வருவார்கள். பெண்கள் சீப்புச் சீப்பாகப் பிரித்து, தொட்டித் தண்ணீரில் பால் போகக் கழுவி, ஒட்டுச்சீட்டு ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். டெல்மிராவுக்கு அடுக்குகிற வேலை. ஒரு பெட்டி நாற்பத்திரண்டு பவுண்டு. கீழே தாள், நடுவே பழம், மேலே பிளாஸ்டிக் விரிப்பின் இரண்டு ஓரத்தையும் மடித்து மூடினால் முடிந்தது. முடிந்ததும் பெட்டியின் பக்கவாட்டில் கட்டியவளின் எண் முத்திரை விழ வேண்டும். அவளுடையது பதினேழு. கடல் கடந்து ஏதோ ஒரு ஊரில் பழம் கன்றிப்போய் இறங்கினால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு புகார் வந்துவிடும். பழம் திரும்பி வராது, பழி மட்டும் தவறாமல் திரும்பி வரும்.

இருபத்தெட்டு வருஷம் அவள் எந்தப் பழிக்கும் இடம் கொடுக்கவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் போகவுமில்லை. அதற்குக் காரணம் அவள் அண்ணன் சீரிலோ. அவன் ஒரே ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்றான். அடுத்த வாரம் வேலை போயிற்று. அதற்கப்புறம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்து வாசலிலும் அவனை நிற்கவிடவில்லை. வடக்கே போனவன் போனவன்தான். அன்றிலிருந்து டெல்மிரா வாயைத் தைத்துக்கொண்டாள். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில், "நான் உண்டு, என் பெட்டி உண்டு."

நாற்பத்து நான்கு வயதில் கண் மங்கிற்று. ஒட்டுச்சீட்டை நகத்தால் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். இதைக் கவனித்தவள் தொட்டியில் நிற்கிற ஒண்டினா. சங்கத்தில் பெண்கள் பிரிவுச் செயலாளர். அவள் குசுகுசுவென்று ரகசியம் சொன்னால்கூட நான்கு தொட்டி தள்ளிக் கேட்கும்.

"டெல்மிரா, புது ஒப்பந்தத்துல உறுப்பினருக்கு ஒரு கண்ணாடி உண்டுடி. டாக்டரே பார்த்துக் கொடுப்பாரு."

"சும்மாவா?"

"சும்மாவா? நாலு வருஷம் சண்டை போட்டு வாங்கினது. வாயைத் திறக்காத உனக்கும் சேர்த்துத்தான் கத்தினோம், தொண்டை போச்சு."

"போன மாதிரி தெரியலையே," என்றாள் டெல்மிரா. ஆனால் அன்று சாயங்காலமே சங்கத்தில் சேருகிற பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து மேசையில் அடுக்குகிற நொயெமி, டோன்யா என்று மரியாதையாகவே அழைத்து, மாதக்கணக்கில் கேலி செய்தாள். "டோன்யா, கண்ணாடிக்குக் கையெழுத்துப் போட்டீங்க. அடுத்து பல்செட்டுக்கு எங்க போடுவீங்க?"

கண்ணாடி போட்ட முதல் நாள் டெல்மிராவுக்குத் தலைகால் புரியவில்லை. பழத்தின் வரிவரியான நரம்பு தெரிந்தது. கொட்டகைக் கூரையில் எத்தனை ஓட்டை என்று தெரிந்தது. கங்காணி டொன் எவெலியோ மீசைக்குச் சாயம் பூசுகிறார் என்பதும் தெரிந்தது. அத்தனை வருஷம் அடக்கிய வாய் அன்றைக்கென்று திறந்துகொண்டது.

"அட, டொன் எவெலியோ! மீசை கறுப்பு, வேர் வெள்ளையா இருக்கே!"

கொட்டகையே சிரித்தது. எவெலியோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய் பதினேழு, வேலையைப் பாரு," என்றார். அந்தக் குரலில் இருந்த விஷம் அவளுக்குப் புரியவில்லை.

எவெலியோவுக்கு வேறு வயிற்றெரிச்சலும் இருந்தது. புது ஒப்பந்தப்படி பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை சாப்பாட்டு நேரம். அந்த அரை மணி பெட்டிகளை இழுத்துப்போகிற பெல்ட் நிற்க வேண்டும். முன்பெல்லாம் பெண்கள் நின்றுகொண்டே, ஒரு கையில் பலேயாதா ரொட்டியும் மறு கையில் பழமுமாக விழுங்குவார்கள். இப்போது மாமரத்தடியில் உட்கார்ந்து, அவரைக்காய் மசியலை நக்கிச் சாப்பிட்டு, காப்பி குடித்து, ஊர்வம்பு பேசி முடித்துத்தான் எழுந்திருப்பார்கள். ஐந்து பேர் ஒரு தொட்டி ஓரமாக உட்கார்ந்தாலே அவருக்குப் பொறுக்காது. ஐம்பது பேர் உட்கார்ந்தால் எப்படிப் பொறுக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் டெல்மிராவின் மேசைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"பதினேழு, உன் பெட்டி மொத்தமும் கன்னிப்போய்ப் போய்ச் சேர்ந்திருக்கு. ஓர் அடுக்கு முழுக்க, நாற்பத்தெட்டுப் பெட்டி. கம்பெனிக்கு மானம் போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

டெல்மிரா தாளைப் பார்த்தாள். நாற்பத்தாறு வயது. இந்த வயதில் இன்னொரு தோட்டம் சேர்க்காது. மோசமாகப் பெட்டி கட்டினாள் என்று வெளியே அனுப்பப்பட்டவளை வாசலில்கூட நிறுத்தாது. மகள் மேர்லின் சான் பெத்ரோவில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். வீட்டில் சம்பாதிக்கிற கை இந்த ஒன்றுதான். இது போனால் அந்தப் படிப்பும் போகும். அதைவிட அவளைச் சுட்டது அந்த வார்த்தை. உன் பெட்டி கன்னிப்போய்.

கை தானாகப் பேனாவை வாங்கிற்று. அதுதான் அந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம். கங்காணி தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டும், அழுகையை வீட்டில் போய் அழ வேண்டும்.

"கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்!" தொட்டியிலிருந்து ஒண்டினா சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "டொன் எவெலியோ, விசாரணை இல்லாம யாரையும் அனுப்ப முடியாது. ஒப்பந்தம் படிச்சீங்களா, இல்ல மீசைக்குப் பூசறதுலயே நேரம் போயிடுச்சா? ஆதாரத்தைக் காட்டணும். சங்கத்து ஆள் பக்கத்துல இருக்கணும். மூணு நாள் டைம்."

"ஆதாரமா? பதினேழுன்னு முத்திரை இருக்கு. வேறென்ன வேணும்?"

"அதைத்தான் காட்டுங்கன்னு சொல்றேன்."

அந்த இரண்டு நாளும் டெல்மிரா சாப்பிடவில்லை. நான் எங்கே தவறினேன் என்று ஒவ்வொரு சீப்பாக மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். நொயெமி ஆறுதல் சொல்லப்போய், "டோன்யா, சங்கம்னு போனா இப்படித்தான்," என்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாள்.

வியாழக்கிழமை இன்ஜினியர் போர்த்தியோவின் அறையில் விசாரணை. அவர்தான் தோட்டத்து மேலாளர். குளிர்சாதனக் கருவி உறுமிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் டெல்மிரா அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. உட்காரலாமா என்று தெரியாமல் நின்றாள். ஒண்டினா நாற்காலியை இழுத்து அவள் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

இன்ஜினியர் மூன்று புகைப்படங்களை மேசைமேல் போட்டார். கடலுக்கு அந்தப் பக்கத்து வியாபாரி பெட்டியைத் திறந்ததும் எடுத்த படங்கள். பக்கவாட்டில் பதினேழு என்ற முத்திரை பளிச்சென்று தெரிந்தது. டெல்மிரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒரு படம் பார்த்தாள். இரண்டாவது பார்த்தாள். மூன்றாவதைத் தூக்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள்.

"இது என் பெட்டி இல்ல," என்றாள்.

"முத்திரை உன்னுதுதானே?" எவெலியோ சிரித்தார்.

"முத்திரை என்னுது. மடிப்பு என்னுது இல்ல. நான் இடதுகைக்காரி. பிளாஸ்டிக்ல வலது ஓரத்தை முதல்ல மடிப்பேன், இடது ஓரம் மேல வரும். கொட்டகையில வேற யாருக்கும் அப்படி வராது. இங்க பாருங்க, மூணுலயும் வலது ஓரம் மேல இருக்கு. பழத்தை வேற குழந்தையைக் குப்புறப் போட்ட மாதிரி போட்டிருக்காங்க. சீ, இதை நான் கட்டினேன்னு வேற சொல்றீங்களா?"

இன்ஜினியர் நம்பவில்லை. வெளியிலிருந்து ஒரு காலிப் பெட்டியும் ஒரு கூடை பழமும் வரவழைத்தார். மேசைமேல் இருந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டு டெல்மிரா கட்டினாள். பழத்தைத் தொட்டதும் கை தானாக ஓடிற்று. இடது ஓரம் மேலே வந்து படிந்தது.

"வேணும்னே மாத்தி மடிக்கிறா, இன்ஜினியர்! எந்தக் கையால வேணா மடிக்கலாமே!" என்று எவெலியோ துள்ளினார்.

அதுவரை வாயைத் திறக்காத ஒண்டினா, அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், ஒரு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். அடுக்கின்மேல் குத்தியிருந்த சீட்டு அதில் தெரிந்தது. நாள், மணி எல்லாம் எழுதியிருந்தது.

"இன்ஜினியர், இந்த மணியைக் கொஞ்சம் சத்தமா படிங்களேன். எனக்குக் கண்ணாடி இல்ல."

"பன்னிரண்டு இருபது," என்று படித்தார் இன்ஜினியர்.

"பகலா, ராத்திரியா?"

"பகல்."

"பகல் பன்னிரண்டு இருபதுக்கு நாங்க அத்தனை பேரும் மாமரத்தடியில வாய் நிறைய ரொட்டியோட உட்கார்ந்திருந்தோம். பெல்ட் நிக்கணும். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்லுது. டொன் எவெலியோ, பன்னிரண்டு இருபதுக்குப் பெட்டி கட்டினது யாரு?"

எவெலியோ முந்திக்கொண்டு வாயைத் திறந்தார். தன் வாயால் கெடுமாம் தவளை.

"லாரி நின்னுட்டிருந்துச்சு, இன்ஜினியர்! எப்படியாவது அனுப்புன்னு நீங்கதானே போன் போட்டீங்க! லாரிக்காரன் ஆளுங்க ரெண்டு பேரை வெச்சு, பின்பக்கத்து பெல்ட்டை மட்டும் ஓட்டி... முத்திரை அங்கதான் மேசைமேல கிடந்துச்சு..."

இன்ஜினியரின் முகம் பழுக்காத காய் மாதிரி பச்சையாகப் போயிற்று. பெல்ட் ஓட்டியது ஒப்பந்த மீறல். தொழிலாளர் துறை ஆய்வாளர் காதுக்குப் போனால் அவர் நாற்காலிக்கும் ஆபத்து. சட்டென்று குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"சரி டோன்யா டெல்மிரா, நடந்தது நடந்துபோச்சு. வேலை உங்களுக்குத்தான். ஃபைல் மூடணுமேன்னு ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் எழுதிக்கிறேன். முத்திரையைப் பத்திரமா வெச்சுக்கலைன்னு. அவ்வளவுதான்."

ஒரு வாரத்துக்கு முந்தைய டெல்மிராவாக இருந்தால் அதைக் காலில் விழுந்து வாங்கிக்கொண்டிருப்பாள். வேலை பிழைத்தது, மகள் படிப்பு பிழைத்தது, வேறென்ன வேண்டும்? ஒண்டினாகூட அவளைத் திரும்பிப் பார்த்தாள். முடிவு உன்னுடையது என்கிற பார்வை.

"எழுதுங்க," என்றாள் டெல்மிரா. "ஆனா எச்சரிக்கை இல்ல. அந்தப் பெட்டி நான் கட்டலைன்னு எழுதுங்க. சாப்பாட்டு நேரத்துல பெல்ட்டை ஓட்டினது யாருன்னு எழுதுங்க. எழுதி, கொட்டகைக்கு வந்து எல்லார் முன்னாடியும் படிங்க. கெட்ட பேரை எல்லார் முன்னாடியும்தானே கொடுத்தீங்க?"

"அது வழக்கமில்லையே, டோன்யா."

"விசாரணையும்தான் வழக்கமில்ல. பழகிட்டீங்களே."

ஒண்டினாவின் சிரிப்பு தோட்டத்துக் கடைசி வரப்புவரை கேட்டிருக்கும்.

அன்று மூன்று மணிக்கு பெல்ட் நின்றது. இன்ஜினியர் போர்த்தியோ பளபளக்கும் காலணியோடு ஈரத்தரையில் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, ஒரு பலகை அடுக்கின்மேல் ஏறி நின்றார். ஐம்பது பெண்கள் ரப்பர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவர் தாளுக்குள் முகத்தைப் புதைத்து முணுமுணுவென்று படித்து முடித்தார்.

"கேக்கல, இன்ஜினியர்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "தண்ணி சத்தம்!"

தண்ணீரை அப்போதே நிறுத்தியாகிவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை. என்றாலும் அவர் மறுபடி படித்தார், இந்தத் தடவை சத்தமாக. டெல்மிரா பனேகாஸ் என்ற பெயரை முழுசாக. அவள் கட்டிய பெட்டியில் எந்தக் குறையும் இல்லை என்பதை. இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் எல்லா முத்திரையும் பூட்டிய பெட்டியில் இருக்கும், சாவி பெண்கள் பிரிவிடம் இருக்கும் என்பதை. எவெலியோ திங்கட்கிழமை முதல் நீரிறைக்கும் கொட்டகைக்கு மாற்றம் என்பதை. பெண்கள் ஏப்ரனில் ஓங்கி ஓங்கி அடித்து எழுப்பிய சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. டெல்மிரா அழுதாள். வீட்டில் போய் அழவில்லை, அங்கேயே, எல்லார் முன்னாலும், வெட்கமில்லாமல் அழுதாள்.

நொயெமிதான் முதலில் வந்தாள். கேலி ஒன்றும் வாயில் இல்லை.

"டோன்யா, எங்க கையெழுத்துப் போடணும்?"

அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒண்டினாவிடம் ஒன்பது பாரம்தான் இருந்தது. சாயங்காலம் ஆட்களை வீட்டுக்கு ஏற்றிப்போகிற வண்டி கிளம்புகிற வரையிலும் வரிசை நின்றது. பாரம் தீர்ந்ததும் டெல்மிரா ஒரு புதுப் பெட்டி அட்டையை விரித்து மேசைமேல் போட்டு, பேனாவை நீட்டினாள். இருபத்தாறு பேர் அதில் எழுதினார்கள். அத்தனை வருஷம் பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்தைந்து என்று அழைக்கப்பட்டவர்கள். ஒருத்திகூட எண்ணை எழுதவில்லை.