வலது பக்கம் பார்த்த மடிப்பு

கையில் ஊக்கு, வாயில் ஊக்கு, வயிற்றில் எரிச்சல், இந்த மூன்றும் இருந்தால் நீங்களும் சேலை கட்டிவிடும் தொழிலுக்கு வந்துவிடலாம்.

பழங்காநத்தத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை. முந்தின நாளே சேலையைக் கொடுத்தால் மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைப்பேன். காலையில் வந்தால் கட்டியும் விடுவேன். பொங்கலுக்கு முந்தின வாரம் கல்லூரிகளில் விழா கொண்டாடுவார்கள் பாருங்கள், அப்போது என் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. நான் கல்லூரிக்குப் போகாமல் கரஸ்ஸில் படித்தவள். புத்தகம் தபாலில் வந்தது, கூடப் படிக்க ஆள் வரவில்லை. அதனால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை. அதை ஒளிப்பானேன்? இந்த வருடம் என் மகள் கயலும் கல்லூரியில் சேர்ந்தாள். அவளுடைய முதல் பொங்கல் சேலையை நான்தான் கட்டிவிடுவேன் என்று ஆசையாகக் காத்திருந்தேன். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

எல்லாரும் பச்சை

ஒரு வகுப்பே அரக்குச் சேலை கட்டப்போவதாகச் சொல்லியிருந்தது. கடைசியில் வந்து இறங்கியதெல்லாம் பச்சை. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை என்று யார் யார் பீரோவிலிருந்தோ வாங்கி வந்தவை. பாச்சா உருண்டை வாசம் அறையைத் தூக்கியது.

“அரக்குன்னுல சொன்னீக?” என்று கேட்டேன். வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண் தலை குனிந்துகொண்டாள். அவள் தோளில் கை போட்டபடி இன்னொருத்தி சொன்னாள்: “இவ வீட்டுல பச்சை மட்டுந்தேன்க்கா இருக்கு. அதான் எல்லாருமே பச்சை.”

ஒரு வேட்டி, ஒரு பட்டாளம்

பச்சைச் சேலைகள் வந்த அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. எனக்காக ஒருத்தி கைக்குட்டை நிறத்தைக்கூட மாற்றியது கிடையாது.

மறுநாள் காலையில் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்து முன்னறையை அடைத்துக்கொண்டார்கள். விசாரித்தால் வேட்டி கட்டத் தெரியாதவன் அதில் ஒரே ஒருத்தன். மற்றவர்கள் கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். நான் அவனுக்குக் கட்டிவிடுகிற வரைக்கும், “மாப்ள, மூச்சை இழுத்துப் பிடிடா,” என்று ஆளாளுக்கு யோசனை வேறு. “கட்டத் தெரிஞ்சவுகளுக்கு இங்க என்ன வேலை?” என்று கடுகடுத்தேன். ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “நாங்க சும்மா வந்தோம்க்கா. அவன் மட்டும் தனியா வந்தா பாவம்ல?”

கயிறு

ஒரு பெண் தன் அம்மாவின் கல்யாணப் பட்டைக் கொண்டுவந்தாள். பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்பினேன். சாயங்காலம், ஊக்கைக் கழற்றிவிடச் சொல்லி வந்து நின்றாள். மடிப்பெல்லாம் அவிழ்ந்து, முந்தானை இடுப்பில் ஏறி, முழங்கால் வரைக்கும் செம்மண்.

“பட்டுச்சேலைய இப்படியா ஆக்குவ? உங்கம்மா என்ன சொல்லுவாக?” என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழட்டுமே என்றும் இருந்தது. அவளுக்கோ கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “மடிப்பு போனா போகுதுக்கா. கயிறு இழுக்குறதுல சீனியருகளையே கவுத்துட்டோம்!”

என் வீட்டுச் சேலை

கயலுக்கென்று கடுகு நிறத்தில் சுங்குடிச் சேலை எடுத்து, மடிப்பு வைத்து, பீரோவில் தொங்கவிட்டிருந்தேன். அவள் கல்லூரியில் விழா நடந்த அன்று காலையில் வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. குளித்துவிட்டு அவள் சுடிதாரில் வந்து நின்றாள். சேலையை எடுத்து, நான் வைத்த மடிப்பெல்லாம் கலையச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். “ஃப்ரெண்டோட ஹாஸ்டல் ரூம்ல பிள்ளைக சேந்து கட்டிக்கிறோம்மா. போயிட்டு வாரேன்,” என்றாள். காலை முழுக்கக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர்களைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வந்தாள். கணுக்கால் தெரிகிறது, முந்தானை ஏறி இறங்கிக் கிடக்கிறது, முன்மடிப்பு மொத்தமும் வலது பக்கம் பார்த்து நிற்கிறது. இடது பக்கம் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். கை பரபரத்தது. “இங்க வாடி, ஒரு நிமிசத்துல சரி பண்ணிடுறேன்,” என்று எழுந்தேன். அவள் மடிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“தப்பா நிக்குதுடி,” என்றேன்.

“தெரியும்மா. எங்க நாலு பேருக்குமே அப்படித்தான் நிக்குது.”

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மடிப்பை நேராக நிறுத்திக் கொடுக்கிற எனக்கு, நாலு பேர் சேர்ந்து கோணலாக நின்றால் அதுவும் அழகுதான் என்கிற பாடம் மட்டும் தபாலில் வரவேயில்லை.