ஊசியக்காவின் அப்பா

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரத்தம் எடுக்கும்போது அவள் குத்தியதே தெரியாது. பேச்சில் குத்தினால் மட்டும் ஒரு வாரம் வலிக்கும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா செத்தபோது தம்பி நடைபழகிக்கொண்டிருந்தான், அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனை வளர்த்து ஆளாக்குவதிலேயே அக்காவின் வயது கரைந்துபோனது. அவன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். இவளுக்கு இன்னும் அவன் சின்னப் பையன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இனிமையான மனிதர், அதனால்தான் எல்லோரும் ஏமாந்தோம். அங்கே அவர் வைத்த விதி ஒன்று உண்டு. சொந்தக் கதை சொல்வதானால் கையிலுள்ள புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச வேண்டும். உடனே மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவோம். அப்படிச் சொன்னது அந்த அறையோடு சரி, வெளியே மூச்சுவிடக் கூடாது.

அந்த மாதம் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அவர்களில் ஒருவரே எழுதிய குறுநாவல். காட்டை அளக்க வரும் ஒரு துரை, அங்குள்ள வேட்டைக்காரனோடு சிநேகமாகிறான். வேட்டைக்காரன் மலையிலிருக்கும் ஊற்றுகளை எல்லாம் காட்டுகிறான், துரை அவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்கிறான். பிறகு கம்பெனி வந்து ஊற்றுகளை வளைத்துப்போட, காட்டு ஜனங்கள் தண்ணீரில்லாமல் இடம்பெயர்ந்து போகிறார்கள். துரை தன் நாட்டுக்குத் திரும்பி, கடைசி முப்பது பக்கம் மனசாட்சி உறுத்தி அழுகிறான்.

“சாம்ராஜ்யம் ஆளப்படறவனை மட்டுமில்ல, ஆள்றவன் மனசையும் அரிச்சுடும். அதை இவ்வளவு அழகா சொன்ன கதை குறைவு” என்றார் பேராசிரியர்.

“அவன் அழுதா ஊத்துல தண்ணி வந்துடுமா சார்?” என்றாள் அக்கா. “அத்தனை ஜனம் போனதுக்கு அரைப் பக்கம். இவன் மூக்கு சிந்தறதுக்கு முப்பது பக்கம்.”

எல்லோரும் சிரித்தோம். எங்களோடு வரும் வங்கி அதிகாரி, “அந்த வேட்டைக்காரன்தான் பாவம். அப்பாவி, அவனுக்கு என்ன தெரியும்?” என்று உச்சுக்கொட்டினார்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன் தெரியாது? நல்லது கெட்டது யோசிக்கறதெல்லாம் துரைக்கு மட்டும்தானா? எழுதினவனும் உங்களை மாதிரிதான் நினைச்சிருக்கான். தெரிஞ்சே காட்டிக்கொடுத்தவங்களும் நம்மள்ல இருந்தாங்க.”

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தாள். நாங்கள் பேனாவை மூடினோம்.

“எங்கப்பா மர மில்லுல மேஸ்திரி. வெள்ளைக்காரன் ஆட்சி போயும் கம்பெனி போகாத காலம். வேலைநிறுத்தம் பண்ணலாம்னு பேசின நாலு பேரைத் துரைகிட்ட காட்டிக்கொடுத்தார். மறுநாளே அவங்களைக் குடியிருப்பை விட்டுத் துரத்திட்டாங்க. கொட்டற மழை, சட்டிபானையோட போனாங்க. நான் வாசல்ல நின்னு பார்த்தேன். கால்ல புதுச் சிவப்புச் செருப்பு, அப்பா வாங்கிக் கொடுத்தது. எதுக்குக் கிடைச்சதுன்னு அம்மா அழுததுலயே புரிஞ்சுது. ஆனா கழட்டலை. தம்பிக்கு இது தெரியாது. துரை முன்னாடி கைகட்டாத மனுஷன்னு சொல்லித்தான் வளர்த்தேன். தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவான்.”

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. “இது இங்கயே இருக்கும்மா” என்றார்.

சில வாரம் கழித்து, அதே குறுநாவலைப் பற்றி நூலகத்தின் பெரிய அரங்கில் அவர் பேசினார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “படிச்சவங்க பேசறதை ஒருநாளாவது கேளுடா” என்று தம்பியை இஸ்திரி போட்ட சட்டையில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்தில் நான்.

பேச்சு பாதியில் இருக்கும்போது பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. அவருடைய தந்தை ஒரு மர மில்லில் மேஸ்திரி...” என்று ஆரம்பித்தார். நாலு பேர், மழை, சட்டிபானை, ஒன்று விடவில்லை. சிவப்புச் செருப்பு என்று சொல்லி நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு கைதட்டல். அந்தச் செருப்பை அப்பாவின் ஞாபகமாக அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள், தம்பி சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது. தம்பி யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனான்.

மேடையிலிருந்து இறங்கிய பேராசிரியர் நேரே எங்களிடம் வந்தார். “எப்படிம்மா இருந்தது?”

“இங்கயே இருக்கும்னீங்களே சார்.”

“உங்க பேரை எங்கயும் சொல்லலையேம்மா. விதியை மீறி எழுதிக்கூட வச்சுக்கலை. இந்த மாதிரி உண்மை நாலு பேருக்குப் போய்ச் சேரணும் இல்லையா? சொல்லலாமா வேண்டாமான்னு நானும் எவ்வளவு வேதனைப்பட்டேன் தெரியுமா?”

இவருக்கும் முப்பது பக்கம் தேவைப்படும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. “எங்க அப்பாவையும் பிடுங்கிக்கிட்டீங்க, தம்பியையும் பிடுங்கிக்கிட்டீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

தம்பி வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அக்கா அவன் கையைப் பிடித்தாள். “அந்த ஆள் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கலைடா. நம்பிச் சொன்னேன், துரோகம் பண்ணிட்டான்.”

“அவரை விடு, யாரோ ஒருத்தர். அவர்கிட்ட சொல்ல முடிஞ்சது, என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ தாங்கமாட்டேன்னு...”

“அதை நீயா எப்படிக்கா முடிவு பண்ணலாம்?” அவன் கையை விடுவித்துக்கொண்டான். கோபமாகக்கூடப் பேசவில்லை. “அப்பா பண்ணினது அப்பாவோட போச்சு. என்னை ஒரு ஆளாவே மதிக்காம இத்தனை வருஷம் பொய் சொல்லி வளர்த்திருக்கே. இனிமே நீ எது சொன்னாலும் நான் எப்படி நம்பறது?”