வாரேன் டீச்சர்!

"யாருண்ணே இந்தக் குழிய மூடுனது?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவனை, கேட்டைத் தட்டி ஒருவர் இப்படிக் கேட்டார். தோளில் கட்சித் துண்டு. பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு மம்பட்டியோடு. குரலில் அப்படியொரு கோபம் — ஏதோ அவர் வீட்டு அடுப்பில் கொதிக்கிற குழம்பை நான் இறக்கி வைத்துவிட்ட மாதிரி!

"நாங்கதான் மூடினோம். ஏன்?"

"என்னண்ணே இப்டிப் பண்ணிட்டீக... சாயந்தரம் அண்ணன் இந்தக் குழிகிட்ட நின்னுதான் பேசப் போறாரு! டிவிக்காரங்க எல்லாம் வாராங்க."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பி.பி. வந்தது. அந்தக் கருமம் பிடித்த பி.பி.யைப் பற்றித்தான் பத்திரிகையின் இதே பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேனே!

குழியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவனியாபுரத்தில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. கடைசி வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. மிஷன் ஸ்கூலில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். கணவர் ஞானராஜ் சாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வாரம் மூன்று நாள் தல்லாகுளத்தில் பிசியோதெரபி. விடாமல் போனால் நடந்துவிடுவார், விட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தெருவுக்குச் சாக்கடை கேட்டு இரண்டு சட்டமன்றத் தேர்தல் ஓடிவிட்டது. முதலில் ஜெயித்தவர், 'முதல் கையெழுத்தே உங்க சாக்கடைக்குத்தான்' என்றார். ஐந்து வருடமும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார் போல. அடுத்து அவரைத் தோற்கடித்து வந்தவர், 'ஒரே மாசம்' என்றார். பதவிக்காலம் முடியப்போகிற நேரத்தில், போன மாதம், ஒரு பொக்லைன் வந்தது. டீச்சர் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கிட்டத்தட்ட தெருவின் அகலத்துக்கு ஒரு குழி தோண்டியது. போய்விட்டது. குழாய்...? அது வரவே இல்லை.

இந்த இரண்டு பேருமே ஓட்டுக் கேட்க வந்தபோது, டீச்சர் வாசலில் 'வாரேன் டீச்சர்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள்தான். நம்ம பக்கம் விடைபெறும்போது யாராவது 'போறேன்' என்பார்களா? திரும்பிப் பார்க்காத ஆள்கூட 'வாரேன்' என்றுதானே செருப்பை மாட்டுவார்? ஆனால் டீச்சர் அதை அப்படியே நம்பிவிட்டார்! இரண்டு தடவையும் மனு எழுதி, கவரில் போட்டு, பைபிள் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார். தமிழ் டீச்சர் இல்லையா... சொல்லுக்கு அர்த்தம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

இப்போது மறுபடியும் தேர்தல், அதே இருவர், அதே மைக். இப்போதைய உறுப்பினர் சொல்கிறார்: "அவரு காலத்துல ஒரு குழியாச்சும் தோண்டுனாரா?" பழையவர் சொல்கிறார்: "குழி தோண்டியே தொகுதியக் கெடுத்தவருய்யா இவரு!" அப்புறம் இவர் அவருடைய மச்சானை இழுக்கிறார், அவர் இவருடைய மருமகனை இழுக்கிறார்... காதில் கேட்க முடியவில்லை. குழாய் எப்போது வரும் என்று யாராவது வாயைத் திறந்தார்களா? மூச்! தெருவுக்கு வரவேண்டிய சாக்கடை மைக்கில்தான் ஓடுகிறது.

நடக்கிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரமாகப் போய்விடலாம். சக்கர நாற்காலி என்ன செய்யும்? ஆட்டோவும் உள்ளே வராது. ஞானராஜ் சார் மூன்று வாரம் பிசியோதெரபிக்குப் போகவில்லை. "கால் கல்லாட்டம் ஆயிருச்சு சார்" என்று டீச்சர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் நாமும்தானே சுவரைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம்?

சனிக்கிழமை காலையில் தெருக்காரர்கள் ஆறேழு பேர் சேர்ந்து, ஒரு டிராக்டர் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் குழியை மூடினோம். மத்தியானமே சார் தல்லாகுளம் போய்வந்தார்.

அந்தக் குழியைத்தான் மறுநாளே மம்பட்டியோடு கேட்டு வந்துவிட்டார்கள்!

"சும்மா ரெண்டடி மட்டும் தோண்டிக்கிறோம்ண்ணே. கூட்டம் முடிஞ்சதும் நாங்களே மூடிருவோம்."

பார்த்தீர்களா... அதிலும் ஒரு வாக்குறுதி!

நான் கத்த ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் உள்ளே போனார். சாரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து, சரியாகக் குழி இருந்த இடத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டார்.

"தோண்டுங்கப்பா" என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

சாயந்தரம் வேட்டுச் சத்தம் கேட்டதும் டீச்சர் மறுபடி சாரை அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். திறந்த ஜீப்பில் வந்தவர் பழைய உறுப்பினர் — பேனாவைத் தேடினாரே, அவரேதான். குழி போன விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை போல. எழுதிக்கொடுத்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்கினார்:

"இந்தா பாருங்க... அஞ்சு வருசமா அவரு உங்களுக்குச் செஞ்சு வச்ச சாதனை!"

நீட்டிய விரல் நேராக ஞானராஜ் சாரைக் காட்டியது.

தெருவே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. ஒரு மனுஷனின் கால் இவர்களுக்கு ஒரு குழி அளவுக்குக்கூடப் பெரிதில்லையே!

ஆனாலும் அசரவில்லை மனிதர்! ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, கேமரா பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டு, டீச்சரைக் கும்பிட்டார்.

"எல்லாத்தையும் சரி பண்ணிருவோம். கவலையே படாதீங்க... வாரேன் டீச்சர்."

டீச்சரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

"'வாரேன்' வேணாம் தம்பி. 'போறேன்'னே சொல்லிட்டுப் போங்க. அதையாச்சும் காப்பாத்துவீங்கள்ல?"